தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் உள்ளே போகிறவர்கள்

கார்த்திகை அகல்களைக் கழுவிக் காயவைத்து அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியதும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து தைப்பூசம் வரைக்கும் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை வட்டாரத்தில் எங்கெங்கே என்ன நடக்கிறது, அதில் நாங்கள் போகப்போவது எது என்கிற பட்டியல் அது. தேதி, இடம், யார் யார் வருகிறோம் என்று மூன்று கட்டம்தான் முதலில் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது கட்டம் என் மனைவி சேர்த்தது. அதன் தலைப்பு, ‘எப்போது கிளம்பலாம்?’

மார்கழி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த வருடத் தாளை நேற்று ராத்திரி ஒட்டியாயிற்று. யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது, பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வயது மகளையும் முட்டிவலியோடு இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்த இசை நகரத்தில் ஒரு சாயங்காலத்தைச் சண்டையில்லாமல் கழிப்பது தனி வித்தை. அதை நாங்கள் கற்றுக்கொள்ள மூன்று சீசன் ஆனது.

முதல் சீசனில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். பெரிய சபா, மாலைக் கச்சேரி, பெரிய வித்துவான், நாலு டிக்கெட். சபாவின் பெயர் வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில், அப்போது ஆறு வயதான மகள், “இந்த மாமா ஏன் ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பப் பாடறாரு?” என்று கேட்டாள். கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். ஆனால் கீழ்ஸ்தாயியில் அவர் மெல்லத் தேய்ந்து நின்ற இடமாகப் பார்த்துக் கேட்டுவிட்டாள். முன்வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. அடுத்துப் பிஸ்கட் உறை. அதன் பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடி உருண்டு மூன்று வரிசை தாண்டிப் போனது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் குனிந்து வந்து, “சார், குழந்தையைக் கொஞ்சம் வெளியில…” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு மூன்றாவது இருக்கையில் ஒரு பெரியவர் மெல்லிய குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெளியே கேன்டீனில் உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் கச்சேரி அங்கேயும் கேட்டது. கீரை வடை சூடாக இருந்தது. “இங்க நல்லாத்தான இருக்கு, இதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?” என்றாள் அம்மா.

அம்மாவுக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். சின்ன வயதில் அவள் பார்த்ததெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவும் ராத்திரி முழுக்க நடக்கும் பாரதக் கூத்தும்தான். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் அதே கதை கூத்தாக வரும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் முன்னாலேயே இடம் பிடித்துவிடுவார்களாம். “பாதிக் கூத்து தூங்கித்தான் போகும். கட்டியக்காரன் வந்தா எழுப்பிவிடுவாங்க, சிரிச்சுட்டுத் திரும்பவும் தூங்குவோம். படுகளத்தன்னைக்கு மட்டும் யாரும் தூங்க மாட்டோம்” என்பாள். துரியோதனன் வதை நடக்கிற நாள் அது. அன்றைக்குத் தரையில் மண்ணால் படுக்கவைத்த துரியோதனன் உருவம் அவள் நினைவில் ஒரு தெரு நீளத்துக்கு இருக்கிறது. தூங்கலாம், எழுந்து போகலாம், கடலை வாங்கி வரலாம், திரும்பி வந்தால் கதை அங்கேயே நிற்கும். கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அன்று கேன்டீனில் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. ஆரம்பித்த நிமிடமே கதவுகள் திறந்து கூட்டம் கேன்டீனுக்குள் வந்தது. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சி. பிரதான உருப்படி முடிந்து மிருதங்கக்காரருக்குத் தனியாக வாசிக்க இடம் விட்டதும், ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அந்த நேரம் பார்த்துக் காபி ஞாபகம் வந்துவிடும். தாளவாத்தியக்காரர்கள் இதைப் பற்றி எத்தனையோ வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகள் மட்டும் தலையைத் தூக்கி, “இது என்ன சத்தம்?” என்றாள். கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே போனோம். பாதி இருக்கை காலி. முன்னால் போய் உட்கார்ந்தோம். அடுத்த பதினைந்து நிமிடம் அவள் கண்ணைச் சிமிட்டினாளா என்றே எனக்குச் சந்தேகம்.

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான். மாலைக் கச்சேரி என்றால் எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில் நாங்கள் உள்ளே போவோம். ராகம், கீர்த்தனை நடக்கும்போது கேன்டீனில் இருப்போம். தனி ஆவர்த்தனத்துக்கு உள்ளே. அப்புறம் மங்களம் வரைக்கும் இருந்துவிட்டு வருவோம். சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “தலைவாழை இலையில ஊறுகாயையும் பாயசத்தையும் மட்டும் சாப்பிட்டு எழுந்து வர்ற மாதிரி இருக்கு” என்றார். இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த இரண்டுக்கும்தான் சண்டை வரும்.

இந்தக் கணக்கில் அம்மாவுக்கும் ஒரு லாபம் உண்டு. இன்றைய கச்சேரியின் அமைப்பை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்தினார் என்பார்கள். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை அடுக்கி, நடுவில் பெரிய உருப்படியும் தனி ஆவர்த்தனமும், கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள். அந்தக் கடைசிப் பகுதியில்தான் தமிழ்ப் பாட்டு வரிசையாக வரும். ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத அம்மா, அங்கே மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவாள். வார்த்தை புரிகிறதே!

தமிழ்ப் பாட்டைத் துக்கடாவாக ஒதுக்கிவைத்ததுதான் ஒரு காலத்தில் பெரிய சண்டை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக மறு வருடம் மியூசிக் அகாடமி பிறந்தது. மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே நிறைந்திருக்க, தமிழ்நாட்டில் தமிழில் பாடக் கூடாதா என்று கேட்டு ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை அமைத்தார். கல்கி அந்தப் பக்கம் நின்று நிறைய எழுதினார். சங்கத்தின் இசை விழாவும் இதே டிசம்பரில்தான், பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கும். அம்மாவுக்கு உண்மையில் ஏற்ற இடம் அதுதான். ஆனால் மந்தைவெளியிலிருந்து பாரிமுனை போய்த் திரும்ப அவள் முட்டி இடம் தராது. பறக்கும் ரயில் நேராகக் கடற்கரை வரைக்கும் போகிறது என்று வருடா வருடம் சொல்லிப் பார்க்கிறேன். “ஏற படிக்கட்டு, இறங்க படிக்கட்டு, நீ தூக்கிட்டுப் போவியா?” என்கிறாள். இந்த வருடமும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால்.

மாலைக் கச்சேரியைவிட எங்களுக்கு ஒத்துவருவது மதியக் கச்சேரி. பெரும்பாலான சபாக்களில் மதியம் டிக்கெட் கிடையாது. வளர்ந்துவருகிற பிள்ளைகள் பாடுவார்கள். கூட்டம் குறைவு என்பது பாடுகிறவர்களுக்குச் சங்கடம்தான், ஆனால் முதல் வரிசையில் போய் உட்கார முடிகிறது. அந்த முதல் வரிசையில்தான் என் மகளுக்கு எல்லாம் நடந்தது.

போன சீசனில் ஒரு நாள் சீக்கிரமே போய்விட்டோம். திரை இன்னும் முழுசாக ஏறவில்லை. மிருதங்கக்காரர், இருபது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், ஒரு சின்ன டப்பாவைத் திறந்து ஈரமாக எதையோ எடுத்து உருட்டி மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்பிக்கொண்டிருந்தார்.

“அப்பா, உப்புமாவா அது?”

அவருக்குக் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே, “உப்புமா ஆகறதுக்கு முன்னாடி” என்றார். ரவை. தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை, தொப்பி என்கிற அந்த இடது பக்கத்தின் நடுவில் வட்டமாகத் தேய்த்தால்தான் அந்தப் பக்கம் கும்மென்று அடி நாதம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வலது பக்கமான வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம் நிரந்தரம், இது அன்றன்றைக்கு. கச்சேரி முடிந்து அவர் சுரண்டி எடுப்பதையும் அவள் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அம்மாவும் கூடவே நின்றாள். “எங்க ஊர்க் கூத்துலயும் மிருதங்கம்தான். ஆனா அங்க வாசிச்சவரு அதக் கட்டின வேகத்துல ரவை எல்லாம் போட்டாரா என்னன்னு நான் பாக்கலியே” என்று அவளுக்கு ஒரு வருத்தம், அறுபது வருடம் கழித்து.

அதே கச்சேரியில் அதிசயமாகக் கஞ்சிராவும் இருந்தது, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுகிற சின்னத் தோல்வாத்தியம். மதியத்தில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்று பேரோடு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். கஞ்சிராக்காரரின் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். குடிக்க என்றுதான் நினைத்தோம். அவர் கையில் நாலு சொட்டு விட்டு, தோலின் உட்பக்கமாகத் தடவினார். விரலால் தட்டினார். டங் என்று கேட்டுக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கும் என்று இறங்கியது. நடுவில் தோல் காய்ந்ததும் திரும்ப நாலு சொட்டு.

முடிந்த பிறகு மகள் கேட்டாள்: “தண்ணி ஜாஸ்தியாப் போச்சுன்னா, அண்ணா?”

“அப்புறம் நான் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

கஞ்சிராவுக்கு முன்பெல்லாம் உடும்புத் தோல். உடும்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி என்பதால் இப்போது ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் என்று மாறிக்கொண்டிருக்கிறது. இதை அவளிடம் வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ராத்திரி சாப்பாட்டின்போது உடும்பைப் பற்றிய கேள்விகள்தான்.

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதிலிருந்து ஆட்டோ எந்தத் தெருவுக்குள் போய் எதில் வெளியே வரும் என்று ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை. எங்கள் தாளில் முக்கால்வாசி இடங்கள் நடக்கிற தூரத்தில் இருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடக்கிற தூரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர். அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சின்னப் பிள்ளைகளின் கச்சேரி நடப்பதுண்டு. மைக் கிடையாது. பாடுகிற பிள்ளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், கான்வாஸ் ஷூவோடு. காக்கை கத்தினால் பாட்டு அமுங்கிவிடும். எழுந்து நாலு சுற்று நடந்துவிட்டு வந்தால் அடுத்த உருப்படி. எங்கள் நாலாவது கட்டத்தில் இந்த இடத்துக்கு நேரே ‘எப்ப வேணா’ என்று எழுதியிருக்கிறது.

மார்கழி விடியலைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். பாபநாசம் சிவன் மாட வீதிகளில் பாடிக்கொண்டு போன பஜனை வழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை, கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை இருபது பாட்டும் வருகிறது, நான் இரண்டாவது பாட்டிலேயே போர்வையை இழுத்துக்கொள்கிறேன். அம்மா மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

வாசலுக்குப் போவது கோலத்துக்கு. அவளுடைய சீசன் உச்சம் ஜனவரியில் வருகிறது. மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியில் போக்குவரத்தை நிறுத்தி, தார்ச்சாலையில் கட்டம் கட்டமாகப் பிரித்து கோலப்போட்டி வைப்பார்கள். போன தடவை முதன்முறையாகக் கலந்துகொண்டாள். வீட்டில் ஒரு வாரம் நோட்டில் ஒத்திகை. அங்கே போய் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டே வந்தவள், ஏழாவது வரிசையில் நின்றுவிட்டாள். ஒரு புள்ளி அதிகம். பக்கத்துக் கட்டத்துப் பெண் ஏற்கெனவே இழை இழுக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அந்த ஒரு புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையின் அடிப்பகுதியால் ஏழு வரிசையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து வைத்தாள். முட்டி வலிக்கவில்லையா என்று நான் கேட்டது அவள் காதில் விழவே இல்லை. பரிசு கிடைக்கவில்லை. துடைத்த இடம் சாம்பல் பூத்த மாதிரி கோலத்துக்கு அடியில் கடைசிவரை தெரிந்தது. மகள் அதைத்தான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

பொங்கல் விடுமுறையில் சென்னை சங்கமம். 2007-இல் தொடங்கி, சில வருடம் நடந்து, நின்றுபோய், 2023-இலிருந்து ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. பறை, கரகம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை, தெருக்கூத்து என்று தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்து கலைஞர்கள் வருவார்கள். அனுமதி இலவசம். என்னுடைய குறை ஒன்று உண்டு: ஒவ்வொரு கலைக்கும் மேடையில் கொஞ்ச நேரம்தான். விடியவிடிய நடக்கிற கூத்தை அரை மணி நேரத்துக்குள் அடக்கினால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. “பாஞ்சாலி இப்பத்தான் வந்தா, அதுக்குள்ள நன்றி சொல்றாங்க” என்றாள்.

ஆனால் மகளை நான் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனது மேடையைப் பார்க்க இல்லை. மேடைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கணக்கு பொய்க்கவில்லை. மணலில் சருகையும் காகிதத்தையும் போட்டு ஒருவர் நெருப்பு மூட்டியிருந்தார். ஐந்தாறு பறைகளை வட்டமாகப் பிடித்து அனலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்பித் திருப்பிக் காட்டி, அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டு, போதாது என்று திரும்ப நெருப்புக்கு நேரே. மகள் என் கையை உதறிவிட்டுக் கிட்டே போனாள்.

“கடக்காத்துல ஈரம் இல்ல பாப்பா? தோல் தொங்கிடும். சூடு ஏத்துனாத்தான் கணீர்னு வரும்” என்றார் அவர்.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அங்க அந்த அண்ணா தண்ணி தடவினாரு. இங்க நெருப்புல காட்டறாங்க!”

தோல் ஈரமானால் தளரும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். கஞ்சிராக்காரருக்கு இறங்க வேண்டும், பறைக்காரருக்கு ஏற வேண்டும். இதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. இரண்டு பேரின் விரல்களையும் ஒரே மாதத்துக்குள் ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்திருந்ததால் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். அவர் அவள் கையில் இரண்டு குச்சியையும் கொடுத்தார். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் ஒல்லியாக நீளமான சுண்டுக்குச்சி. ஒரே ஒரு அடி அடித்தாள். சத்தம் நெஞ்சில் வந்து மோதியதும் பயந்து குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதே கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் மீனவர் குடியிருப்புக்கு நடுவே கர்நாடக இசையையும் மற்றக் கலைகளையும் ஒரே மேடையில் வைத்து ஒரு விழா நடத்தினார்கள். கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் போயிருந்தோம். எனக்கு நினைவிருப்பது பாட்டைவிட, மேடைக்கு முன்னால் மணலில் குறுக்கே ஓடிக்கொண்டே இருந்த பிள்ளைகள். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. அவர்கள் இருந்ததே வெளியில்தான்.

நந்தனத்தில் புத்தகக் காட்சியும் இதே நாட்களில் வந்துவிடும். 1977-இலிருந்து நடக்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. மழை பெய்திருந்தால் பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் தைப்பூசத்தையொட்டிக் கபாலீசுவரர் கோயில் தெப்பம், மூன்று நாள். குளத்துப் படிக்கட்டில் இருட்டுகிறதுக்கு முன்பே இடம் பிடித்துவிட்டால் அம்மாவுக்கு முட்டியை நீட்டி உட்காரலாம். தெப்பம் சுற்றி வரும்வரை எதிர்ச்சாரிப் படியில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். எங்கள் தாள் அதோடு முடியும். பங்குனியில் வருகிற அறுபத்துமூவருக்குத் தாள் தேவையில்லை. அன்றைக்கு மாட வீதிகளில் நாம் எங்கே போகிறோம் என்பதைக் கூட்டம்தான் முடிவுசெய்யும். கையில் யாராவது ஒரு டம்ளர் நீர்மோரைத் திணித்துவிடுவார்கள்.

நேற்று ராத்திரி தாளை ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், மதியக் கச்சேரிகளுக்கு நேரே பச்சைப் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கட்டம் இழுத்திருக்கிறது. கோடு கொஞ்சம் கோணல். தலைப்பு: ‘கஞ்சிரா உண்டா?’ சபாக்காரர்கள் மதிய நிகழ்ச்சிகளில் பாடுகிறவர் பெயரைப் போட்டு, வயலின், மிருதங்கம் என்று சிறு எழுத்தில் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் எல்லாக் கட்டத்திலும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். பதினொன்று எண்ணினேன். போன் பண்ணிக் கேட்க வேண்டுமாம், நான்தான்.